நடுக்காவலுக்கு ஓர் இணை

கல்லூரி விழா மலர்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். உதைபந்தாட்ட வரலாறு கூறும் பக்கங்களிற் கோல் அடித்தோர் பெயர்கள் நிறைந்திருக்கும். இன்ன ஆண்டில், இன்ன கல்லூரிக்கு எதிராக, இன்னார் இரண்டு கோல் அடித்தார் என்று எழுதப்பட்டிருக்கும். எதிரணியின் கோலைத் தடுத்தவர் பெயரோ குழுப் படத்தின் கீழே மட்டும் காணப்படும். இக்கட்டுரை அவ்வாறு மறக்கப்பட்டோருள் இருவரைப் பற்றியது. கோல் கம்பத்துக்கு நேர்முன்னே, பின்வரிசையின் நடுவில் நிற்கும் அவ்விருவரையும் மைதானத்தில் 'சென்டர் பெக்' என்று அழைக்கிறோம். ஈண்டு அவர்களை நடுக்காவலர் என்று வழங்குவோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணியின் ஏனைய இடங்களுக்கு ஆளை ஆளாகத் தெரிவு செய்யலாம். நடுக்காவலுக்கு மாத்திரம் இணையாகவே தெரிவு செய்தல் வேண்டும். தெரிவு செய்த பின்னர் அவ்விணையைக் குலைக்காது வைத்திருத்தலும் வேண்டும். சிறந்த காவலர் இருவரைத் தேடி அருகருகே நிறுத்திவிட்டாற் சிறந்த காவல் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கையால் நம் மாவட்டத்துக் கல்லூரி அணிகள் பலவும் வெல்ல வேண்டிய ஆட்டங்களை இழந்து வருகின்றன என்பது, ஆண்டுதோறும் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்து வரும் எனது துணிபு.

இந்த இருவர் காவல் என்பது எப்போது தோன்றியது என்று அறிதல் நன்று. நம் பழைய மாணவருள் மூத்தோர் ஆடிய காலத்தில் அணியின் அமைப்பு இரண்டு, மூன்று, ஐந்து என்றிருந்தது. பின்னே இருவர், இடையில் மூவர், முன்னே ஐவர். பின்னின்ற இருவரும் வலப்புறம் ஒருவர், இடப்புறம் ஒருவராகக் களத்தைப் பங்கிட்டுக்கொண்டனர். 1925 ஆம் ஆண்டில் 'ஓவ்சைட்' விதி மாற்றப்பட்டது. முன்னாட்டக்காரனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்தது, இருவர் இருந்தாற் போதும் என்றாயிற்று. இதனால் முன்னாட்டக்காரர்க்கு வழி எளிதாயிற்று, கோல்கள் பெருகின. அதனைத் தடுக்க இங்கிலாந்தின் ஆர்சனல் அணியை நடத்திய ஹேர்பட் சப்மன் முதலியோர், இடையில் நின்ற மூவருள் நடுவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் காவலராக்கினர். அம்முறையில் நடுக்காவல் ஒருவர் பொறுப்பாயிற்று.

நடுவில் இருவரை நிறுத்தும் முறையை உலகம் அறியச் செய்தது 1958 ஆம் ஆண்டிற் சுவீடனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியாகும். அங்கே பிறேசில் அணி பின்னே நால்வர், இடையில் இருவர், முன்னே நால்வர் என்னும் அமைப்புடன் ஆடியது. பதினேழு வயதுப் பெலேயை உலகம் கண்டுகொண்ட போட்டி அது. ஆயினும் ஒரு கணக்கைப் பலர் நினைப்பதில்லை. முதல் நான்கு ஆட்டங்களிலும் பிறேசில் ஒரு கோலையேனும் விட்டுக்கொடுக்கவில்லை. அரையிறுதியிற் பிரான்சுடன் ஆடியபோதே முதற் கோல் உட்புகுந்தது. நடுக்காவலில் நின்றோர் அணித்தலைவர் பெலினியும் ஓர்லண்டோவும் ஆவர். அவ்விருவரும் அக்காலத்தில் வாஸ்கோ ட காமா என்னும் ஒரே சங்கத்துக்காக ஆடி வந்தவர்கள். ஆகவே புதிய அமைப்புக்கு வேண்டிய பழகிய இணை முன்னமே ஆயத்தமாயிருந்தது.

இனி, நம் கல்லூரிகளில் இத்தெரிவு எவ்வாறு நடைபெறுகிறது என்று நோக்குவோம். பெரும்பாலும் முன்னாட்டக்காரரே முதலிற் குறிக்கப்படுகின்றனர். வேகமாக ஓடுபவனும் பந்தை அழகாகக் கொண்டு செல்பவனும் முன்னே போகின்றனர். மிஞ்சியவருள் ஓயாது ஓடக்கூடியவர் இடைக்குப் போகின்றனர். அதற்கும் மிஞ்சியவர் பின்னே நிறுத்தப்படுகின்றனர். அங்ஙனம் பின்னே விடப்பட்ட மாணவன் தன்னை விலக்கப்பட்டவனாகவே கருதுகிறான். வாய்ப்புக் கிடைத்தவுடன் முன்னே ஓடிவிட வேண்டும் என்பதே அவன் உள்ளக் கிடக்கை. காவலை விரும்பாதவன் காவலனாதல் எங்ஙனம்?

இரண்டாவது முறை உயரத்தையும் உதையின் வலிமையையும் பார்த்துத் தெரிவு செய்தல். உயரம் பயனுடையது என்பதை மறுப்பார் இல்லை. மூலையிலிருந்து வரும் பந்தைத் தலையால் முட்ட உயரம் உதவும். எனினும் 2006 ஆம் ஆண்டில் உலகக் கிண்ணத்தை வென்ற இத்தாலியின் தலைவரும் நடுக்காவலருமான பாபியோ கன்னவாரோ ஐந்தடி ஒன்பதங்குலமே உயரமுடையவர். அப்போட்டியில் இத்தாலி ஏழு ஆட்டங்களில் இரண்டு கோல்களையே விட்டுக்கொடுத்தது. ஒன்று தம் பக்கத்து வீரர் காலிற் பட்டுத் தம் கம்பத்துள்ளே புகுந்தது. மற்றது இறுதியாட்டத்தில் வழங்கப்பட்ட தண்டனை உதை. எதிரணியினர் ஆட்டத்தின் ஓட்டத்திலே தாமாக அடித்த கோல் ஒன்றேனும் இல்லை. அவ்வாண்டு ஐரோப்பாவின் தங்கப்பந்து விருதும் கன்னவாரோவுக்கே வழங்கப்பட்டது. பந்து வருமுன்னே அது வரும் இடத்தை அறிபவனுக்கு உயரக் குறைவு பெருங்குறையன்று.

மூன்றாவது முறை மூப்பு நோக்கிய தெரிவு. உயர்தர வகுப்பின் மாணவத் தலைவர் ஒருவர் அணியில் இருந்தேயாக வேண்டும் என்னும் நிலை வரும். எங்கு நிறுத்தினால் தீங்கு குறைவு என்று எண்ணி அவரைப் பின்னே நிறுத்துவர். உண்மையில் தீங்கு மிகுதியாவது அங்கேதான். முன்னாட்டக்காரன் ஒரு பந்தைத் தவறவிட்டால் ஒரு வாய்ப்புப் போயிற்று. சற்று நேரத்தில் இன்னொரு வாய்ப்பு வரும். நடுக்காவலன் ஒரு பந்தைத் தவறவிட்டால் அஃது அவ்வளவிலேயே கோலாகிவிடும்.

நான்காவது முறை மேற்கூறியவற்றினும் நியாயமானது போலத் தோன்றும். மாணவரைத் தனித்தனியே சோதித்து, மிகச் சிறந்த இருவரைத் தெரிவு செய்தலே அது. இதனைத்தான் இங்கு முதன்மையாக மறுக்க விழைகிறேன்.

நடுக்காவலின் தொழில் யாது என்று எண்ணிப் பார்த்தால் மறுப்பின் காரணம் விளங்கும். எதிரணியின் முன்னாட்டக்காரன் பந்துடன் வருகிறான். ஒருவர் அவனை எதிர்கொள்ளச் செல்ல வேண்டும். அவர் சென்ற கணத்தில் மற்றவர் சில அடி பின்வாங்கி, முதல்வர் தோற்றால் வரக்கூடிய வழியை அடைத்து நிற்க வேண்டும். இருவரும் ஒருங்கே பாய்ந்தால் பின்னே வெறுங்களம் கிடக்கும். இருவரும் ஒருங்கே காத்து நின்றால் எதிரி தன் விருப்பப்படி கோலை நோக்கி உதைப்பான். ஒருவர் பக்கவாட்டிற் சென்றால் மற்றவர் நடுவை நோக்கி நகர வேண்டும். ஓவ்சைட் வரையைப் பிடிக்க இருவரும் ஒரே அடியாக முன்னேற வேண்டும். ஒருவர் ஓர் அடி பிந்தினால் மற்றவரின் முயற்சி முழுதும் வீணாகும். இவையெல்லாம் ஒரு நொடிக்குள் முடிவு செய்யப்படுவன. கலந்து பேசுவதற்கு அவகாசம் இல்லை.

பாயும் இயல்புடைய காவலர் இருவர் நம்மிடம் இருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். தனித்தனியே சோதித்தால் இருவரும் முதலிடம் பெறுவர். சேர்த்து நிறுத்தினாலோ இருவரும் பாய்வர். அவருள் ஒருவரை நீக்கி, ஆற்றலிற் சற்றுக் குறைந்தவனாயினும் நின்று நோக்கும் இயல்புடைய ஒருவனைச் சேர்த்தால் அணியின் காவல் உறுதியாகும். நீக்கப்பட்டவன் தன் குறையால் நீக்கப்பட்டானல்லன். இதனை அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் விளக்கிக் கூறும் துணிவு பொறுப்பாசிரியருக்கு வேண்டும்.

தமிழாசிரியன் ஆதலின் இலக்கணத்திலிருந்து ஓர் ஒப்புமை காட்ட விரும்புகிறேன். நிலைமொழியும் வருமொழியும் சேர்வதைப் புணர்ச்சி என்கிறோம். பொன், மலை என்னும் இரண்டும் எம்மாற்றமுமின்றிப் பொன்மலை எனச் சேரும். வாழை, பழம் என்பன சேருமிடத்து இடையில் ஓர் எழுத்துத் தோன்ற வேண்டும். பொன்னும் குடமும் சேரப் பொன்னின் ஈறு திரிய வேண்டும். மரமும் வேரும் சேர மரத்தின் ஈறு கெட வேண்டும். பொன் என்னும் சொல்லை மட்டும் எத்துணை ஆராய்ந்தாலும் அது திரியுமா, இயல்பாக நிற்குமா என்று கூறல் இயலாது. அடுத்து வரும் சொல்லை நோக்கியே கூறல் இயலும். காவலரும் அத்தகையரே. பக்கத்தில் நிற்பவன் யாவன் என்று அறியாமல் ஒருவனுக்கு மதிப்பிடுதல், வருமொழியை அறியாமற் புணர்ச்சி விதி கூறுதலை ஒக்கும்.

இதற்குச் சான்றாக நம் அயல்நாடாகிய இந்தியாவின் வரலாற்றிலிருந்து ஒன்றும், கடல் கடந்து தமிழர் வாழும் மலேசியாவின் வரலாற்றிலிருந்து ஒன்றும் காட்டுவேன். இரண்டிலும் நடுக்காவலர்க்குப் பின்னே கோல் காத்து நின்றவர் தமிழ்ப்பெயர் தாங்கியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1962 ஆம் ஆண்டில் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. இந்திய உதைபந்தாட்ட அணியைப் பயிற்றியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி. காவலில் நின்றோருள் பஞ்சாபியரான ஜர்னைல் சிங்கும் வங்காளியரான அருண் கோஷும் முதன்மையானவர்கள். முன்னவர் எதிரியை நேருக்கு நேர் மோதி நிறுத்துபவர். பின்னவர் அமைதியாக இடமறிந்து நின்று, கைப்பற்றிய பந்தைத் தம்மவர்க்கு ஒழுங்காக அனுப்புபவர். இருவரும் 1960 ஆம் ஆண்டு உரோம் நகர ஒலிம்பிக் அணியிலும் இடம்பெற்றவர்கள். கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்திற் பிறந்து, சென்னைப் படைப்பிரிவின் அணியில் வளர்ந்தவர். தொடக்கத்தில் அவர் முன்னாட்டக்காரராகவே ஆடினார் என்பதும் நம் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

முதலாட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. தாய்லாந்துடன் ஆடியபோது ஜர்னைல் சிங்கின் தலையிற் காயம் பட்டுத் தையலிட நேர்ந்தது. அடுத்து யப்பானை எதிர்த்த ஆட்டத்தில் அவர் இல்லை. அவ்வாட்டத்தை இந்தியா 2-0 என வென்றது. அரையிறுதிக்குத் திரும்பிய அவரை ரஹீம் காவலில் நிறுத்தாமல் முன்னே அனுப்பினார். அரையிறுதியிலும் இறுதியாட்டத்திலும் ஜர்னைல் கோல் அடித்தார். இறுதியில் அதே தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கப்பதக்கம் பெற்றது.

இச்செய்தியைக் கூறுவோர் ஜர்னைலின் வீரத்தையே போற்றுவர், அது போற்றத்தக்கதே. நான் நோக்குவது வேறொன்று. காவலில் முதல்வராயிருந்தவரை முன்னே அனுப்பும் துணிவு ரஹீமுக்கு எங்கிருந்து வந்தது? பின்னே அருண் கோஷ் நிற்கிறார் என்னும் உறுதியிலிருந்து வந்தது. இணையில் ஒருவர் மற்றவருக்குத் துணையாக மட்டும் இருந்தால் இது கைகூடாது. தம் துணைவரின் தொழிலையும் அறிந்து, வேண்டும்போது அதனைத் தாமே தாங்க வல்லவராயிருந்தாற்றான் கைகூடும். இணையாகப் பழகியதன் பயன், இணை பிரிந்த நாளிலும் வெளிப்பட்டது.

அடுத்தது மலேசியா. 1970 களில் அந்நாட்டு அணி ஆசியாவின் முன்னணி அணிகளுள் ஒன்றாக விளங்கியது. 1974 ஆம் ஆண்டு தெகரான் ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலப்பதக்கம் பெற்றது. அக்கால நடுக்காவலர் இருவர் பெயரையும் மலேசியர் இன்றும் ஒருங்கே சேர்த்துத்தான் சொல்வர். ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த சீனரான சோ சின் ஆன். மற்றவர் சீக்கியரான சந்தோக் சிங். சோ சின் ஆனுக்கு 'தவுக்கே' என்பது பட்டப்பெயர். முதலாளி என்பது அதன் பொருள். பின்னே நின்று ஆட்டம் முழுவதையும் கண்காணித்து, ஆணையிட்டு நடத்துபவர் என்பதனை அப்பெயரே உணர்த்தும். சந்தோக் சிங் எதிரியின் சிறந்த முன்னாட்டக்காரனை அணுகிப் பற்றிக்கொள்ளும் வன்மையர். இருவர்க்கும் பின்னே கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம் என்னும் தமிழர். நீண்ட கைகளையுடைய அவரைச் 'சிலந்தி மனிதன்' என்று மக்கள் அழைத்தனர். 1988 ஆம் ஆண்டில் வீதி விபத்தொன்றில் அவர் மறைந்தார்.

1980 ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கான தகுதிச்சுற்றின் முடிவாட்டம் கோலாலம்பூரில் நடைபெற்றது. மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தானிற் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அவ்விழாவைப் புறக்கணித்தபோது மலேசியாவும் உடன் விலகியது. வென்ற அணி விழாவுக்குப் போகவில்லை. எனினும் அவ்வெற்றியை அந்நாட்டு மக்கள் மறக்கவில்லை. அதனைத் தழுவி 2016 ஆம் ஆண்டில் 'ஓலா போலா' என்னும் திரைப்படமும் வெளிவந்தது. சீனர், சீக்கியர், தமிழர் என்னும் மூவர் ஒரு கோலைக் காத்து நின்ற காட்சி, பல இனத்தவர் சேர்ந்து வாழும் மாத்தளையில் உள்ள நமக்கும் பாடமாகும். காவலில் நிற்போர்க்கு ஒருவரையொருவர் விளித்துக் கூப்பிடும் சொற்கள் நாலைந்து போதும். ஆனால் அக்குரலைக் கேட்டவுடன் ஐயுறாது நம்பும் மனம் வேண்டும்.

இனி, என் கருத்தை மறுப்போர் கூற்றையும் ஆராய்வோம். முதலாவது மறுப்பு, ஓர் இணையை நிலையாக வைத்தால் ஏனையோர் ஊக்கம் குன்றும் என்பது. இரண்டாவது, ஒருவர் காயமுற்றால் இணை முழுதும் பயனற்றுப்போகும் என்பது. மறுப்போர் இத்தாலியின் 2006 ஆம் ஆண்டு வெற்றியையே எடுத்துக்காட்டலாம். கன்னவாரோவின் துணைவராகப் போட்டியைத் தொடங்கியவர் நெஸ்டா. செக் குடியரசுடன் ஆடியபோது அவர் காயமுற்றார். மட்டராசி அவரிடத்துக்கு வந்தார். அவரும் அவுஸ்திரேலியாவுடன் ஆடியபோது வெளியேற்றப்பட்டமையால் அடுத்த ஆட்டத்திற் பர்சாலி நின்றார். ஆக, மூன்று துணைவருடன் ஒரு கிண்ணம் வெல்லப்பட்டது. இணை எங்கே போயிற்று என்று கேட்பர்.

கேள்வி நியாயமானதே. விடை இது: கன்னவாரோ மாறவில்லை, அவர்க்குப் பின்னே நின்ற புபொனும் மாறவில்லை. வந்தவர் ஒவ்வொருவரும் பயிற்சிக் களத்தில் அவருடன் பழகியவர். இதனால் நாம் அறியத்தக்கது, இணையைத் தெரிவு செய்யும்போதே மூன்றாமவனையும் தெரிவு செய்து, இருவருடனும் மாறி மாறிப் பழக்க வேண்டும் என்பதே. ஊக்கம் குன்றும் என்னும் மறுப்புக்கும் அம்மூன்றாமவனே விடையாவான். மாறாக, பழகிய இணையின் பயனைக் காண விரும்புவோர் 2010 ஆம் ஆண்டு ஸ்பானிய அணியை நோக்கலாம். பார்சலோனா சங்கத்தில் ஒன்றாக ஆடிய புயோல், பிக்கே என்னும் இருவரே அதன் நடுக்காவலர். ஏழு ஆட்டங்களில் இரண்டு கோல்களே உட்புகுந்தன. முதற் சுற்றுக்குப் பின் நடந்த நான்கு ஆட்டங்களிலும் ஒன்றேனும் புகவில்லை.

திருவள்ளுவர் ஆளை ஆராய்ந்து தெளிவதை 51 ஆம் அதிகாரத்திலும், தெளிந்தவரைத் தக்க வினையிற் செலுத்துவதை 52 ஆம் அதிகாரத்திலும் வெவ்வேறாகப் பிரித்துக் கூறினார். நம் தெரிவுக்குழுக்கள் முன்னதோடு நின்றுவிடுகின்றன. பின்னதற்கு என் சிற்றறிவுக்கு எட்டிய வழியொன்றைச் சொல்வேன். பருவம் தொடங்குமுன் நடுக்காவலுக்கு நான்கு மாணவரைப் பொறுக்குக. நால்வரிலிருந்து ஆறு இணைகள் அமையும். ஒவ்வோர் இணையையும் அரைமணி நேரம் கல்லூரியின் சிறந்த முன்னாட்டக்காரருக்கு எதிரே நிறுத்துக. ஒரு வாரத்து மாலைகளில் இது முடிந்துவிடும்.

அப்போது நோக்க வேண்டியன மூன்று. முதலாவது, இருவர்க்கும் இடையே உயர்ந்து வரும் பந்தை ஒருவன் குரல் கொடுத்து எடுக்க, மற்றவன் தானாகவே பின்வாங்குகிறானா என்பது. இரண்டாவது, ஒருவன் ஓரத்துக்கு இழுக்கப்பட்டபோது மற்றவன் பந்தைப் பார்த்து நிற்கிறானா, தன் பின்னே வரும் ஆளையும் பார்க்கிறானா என்பது. மூன்றாவது, கோல் புகுந்த பின்னர் இருவரும் என்ன செய்கின்றனர் என்பது. ஒருவரையொருவர் கைநீட்டிக் குற்றம் சாட்டுவோர் எத்துணை வல்லவராயினும் இணையாகார். அருகே சென்று ஏதேனும் சொல்லிக்கொள்வோர் இணையாவர். வலக்கால் வலியவன் ஒருவனும் இடக்கால் வலியவன் ஒருவனும் கிடைத்தால் இன்னும் நன்று.

இன்னொன்றும் கருதல் வேண்டும். கல்லூரி அணி ஆண்டுதோறும் கலைவது. பரீட்சை வரும், வகுப்பு முடியும், மாணவன் போய்விடுவான். இருவரும் ஒரே வகுப்பினராயின் இருவரும் ஒரே ஆண்டிற் போவர், காவல் வெறுமையாகும். ஆதலின் உயர்தர வகுப்பினன் ஒருவனோடு அவனுக்கு ஓரிரண்டு ஆண்டு இளையவனைச் சேர்த்தல் நலம். மூத்தவன் போகுங்காலத்தில் இளையவன் அவ்விடத்தை ஏற்று, தன்னிலும் இளையவனைப் பழக்குவான். இங்ஙனம் காவல் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு அறாது செல்லும். அண்ணன் தம்பியென வளரும் இவ்வுறவு மைதானத்துக்கு வெளியேயும் பயன் தரும்.

இவையெல்லாம் நடைபெற வேண்டுமாயின் இருவரும் ஒரே மாலையில் ஒரே மைதானத்தில் இருத்தல் வேண்டும். நம் மாவட்டத்தில் இதுவே பெரும் இடர். மாத்தளை நகரில் வாழும் மாணவன் பயிற்சி முடிந்து இருட்டுமுன் வீடு சேர்வான். எல்கடுவைப் பக்கத்திலிருந்தோ இரத்தோட்டை மலைத்தோட்டங்களிலிருந்தோ வருபவன் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டாற் பல கட்டை தூரம் ஏற்றத்தில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் அரிது. ஆகவே பயிற்சி சூடுபிடிக்கும் நேரத்தில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். 'ஒழுங்காகப் பயிற்சிக்கு வராதவன்' என்று அவன் பெயருக்கு எதிரே குறிக்கப்படுகிறது. முன்னாட்டக்காரனாயிருந்தால் தன் தனித்திறத்தால் அவன் இக்குறையை ஒருவாறு மறைத்துவிடலாம். இணையாக நிற்க வேண்டிய காவலனுக்கு அது முடியாது. பள்ளத்திலும் மேட்டிலும் ஓடிப் பழகிய உறுதியான கால்களையுடைய அவனே காவலுக்கு மிகத் தக்கவனாயிருப்பான். அவனே காவலை இழக்கிறான். மாலையில் தனியார் வகுப்புக்குச் செல்லும் நகரத்து மாணவன் நிலையும் ஓரளவு இதுவே. ஆயினும் அவனுக்கு வேறு வழிகள் உண்டு.

மலையகத்தில் இணைகள் பிரிந்த வரலாறு பெரிது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 300,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடும் சமமாகப் பங்கிட்டது 1974 ஆம் ஆண்டில். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே வகுப்பில் இருந்து, ஒரே அணியில் ஆடியவருள் ஒருவன் தலைமன்னாருக்கு ரயிலேற, மற்றவன் இங்கே நின்ற கதைகளை நம் மூத்தோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். அப்பிரிவைத் தடுக்கும் வலிமை எக்கல்லூரிக்கும் இருந்ததில்லை. இன்று பஸ் நேரம் காரணமாக ஓர் இணை பிரியுமானால், அதனைத் தடுக்கும் வலிமை நமக்கு உண்டு.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை விடுக்கிறேன். பழைய மாணவராகிய பெரியோர்களே, வெற்றிக் கிண்ணங்களும் புதிய உடைகளும் வழங்கும் உங்கள் அன்பை நாம் மறவோம். அவற்றோடு, பயிற்சி நடைபெறும் மாதங்களில் தூரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் விளையாட்டு வீரரை வாரத்திற் சில மாலைகளேனும் வண்டியில் வீடு சேர்க்கவும், பயிற்சிக்குமுன் அவர்க்குச் சிற்றுண்டி அளிக்கவும் சங்கத்தின் வாயிலாக ஒரு நிதி ஏற்படுத்துங்கள். கிண்ணம் கண்ணாடிப் பேழையுள் இருக்கும். இந்நிதி மைதானத்திலே நிற்கும்.

ஆசிரிய நண்பர்களே, அணிப் பட்டியலைக் கீழிருந்து எழுதத் தொடங்குங்கள். கோல் காப்பாளனையும் நடுக்காவலர் இருவரையும் முதலிற் குறித்து, மூன்றாமவனையும் பழக்குங்கள். ஒரு தோல்வியைக் கண்டவுடன் இணையை மாற்றாதீர்கள். முதலாட்டத்தில் 0-2 எனத் தோற்ற அணியே ஜகார்த்தாவில் தங்கம் பெற்றது. தோட்டத்து மாணவனின் வரவுக் குறிப்பைப் பார்க்கும்போது, அதனருகே அவன் ஊரின் பெயரையும் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, பின்னே நிறுத்தப்பட்டவன் விலக்கப்பட்டவன் என்று எண்ணாதீர்கள். அணி முழுவதையும் கண்ணாற் காண வல்லவர் பின்னே நிற்பவரே. உங்கள் பக்கத்தில் நிற்பவனின் நடையையும், அவன் எந்தக் காலால் உதைக்கிறான் என்பதனையும், எப்போது களைக்கிறான் என்பதனையும் கற்றுக்கொள்ளுங்கள். அவன் குரல் கேட்டவுடன் வழிவிடுங்கள். உங்கள் குரலுக்கு அவனும் வழிவிடுவான்.

அடுத்த விழா மலரை வெளியிடுவோர், கோல் அடித்தோர் பட்டியலுக்கு அருகே ஒவ்வோர் ஆண்டும் நடுக்காவலில் நின்ற இருவர் பெயரையும் சேர்த்து அச்சிடுவார்களாக. அப்பெயர்கள் இரண்டும் ஒரே வரியில் இருப்பனவாக. வாழ்க நம் கல்லூரி; வளர்க அதன் விளையாட்டு.